புஷ்பவள்ளி அனுப்பாத மஞ்சள் தாள்

ஹாலிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. டொக்... டொக்... டொக். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று தட்டு.

சமையலறையில் பால் சேர்க்காத தே-ஓ கலக்கிக்கொண்டிருந்த புஷ்பவள்ளியின் கை அப்படியே நின்றது. கரண்டி கிளாஸின் விளிம்பில் பட்டுச் சிணுங்கியது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் எழுந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடக்கிறார் சன்னாசி. உட்கார்ந்தால் அவருக்கு இடுப்பு இறுகிவிடும். நடந்தால்தான் கொஞ்சம் இளகும்.

"அண்ணே, உக்காருங்களேன். இதோ வந்துட்டேன்."

"உக்காந்தா தூக்கிவிட ஒரு ஆளு வேணும் தங்கச்சி. நீ மெதுவா வா. நான் உன் வீட்டு டைல்ஸ எண்ணிகிட்டு இருக்கேன்லா."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர் என்றைக்காவது ஒருநாள் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பார் என்று ஒன்பது வருடங்களாகப் பயந்துகொண்டிருந்தவள் அவள். இன்று, சிரம்பானை ஒட்டிய ராசாவில் விடியற்காலையிலிருந்து விடாமல் தூறிக்கொண்டிருந்த இந்தச் சனிக்கிழமையில், பெடாஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து நின்றுவிட்டார்.

இருவரும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். பெடாஸுக்கு உள்ளே, மெயின் ரோட்டிலிருந்து நாலு மைல், செம்பனை மரங்களுக்கு நடுவில் இருந்த நாலாம் டிவிஷன். புஷ்பவள்ளியின் வீடு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. ஐந்தாம் படிவப் பரீட்சைக்கு அவள் விடியும் முன்னே எழுந்து படிப்பாள். அப்போது வெளியே மண் ரோட்டில் ஒரு செருப்புச் சத்தம் கேட்கும். லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. பிறகு திரும்பி. ஒருநாள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். இருபத்து நாலு வயது சன்னாசி, இரண்டு கைகளையும் இடுப்பில் அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நடந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சட்டென்று கைகளை எடுத்துவிட்டு, "படி படி, பெரிய கிராணி ஆகணும்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் அப்படி நடந்தார் என்று ஊரே கேட்டது. ராத்திரி குடித்தது தெளியவில்லை என்றார்கள். பேய் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார்கள். காரணம் ரொம்பச் சாதாரணம். ஆறு மணிக்குப் பெரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடும்போது நிமிர்ந்து நிற்க வேண்டும். தூங்கி எழுந்ததும் சன்னாசியின் இடுப்பு பலகை மாதிரி விறைத்துக் கிடக்கும். இரண்டு மணி நேரம் நடந்தால்தான் அந்தப் பலகை மனிதனாகும். எப்போதாவது அசந்து தூங்கிவிட்டால் கூனிக்கொண்டே பெரட்டுக்குப் போவார். அதே ஆள் பத்து மணிக்கு நீளக் கழியைத் தூக்கி நின்று குலை வெட்டுவார். சாயங்காலம் பந்து விளையாடுவார்.

"என்ன மாப்ள, காலையில கெழவன், சாயங்காலம் கோல்கீப்பரா?" என்பார் மண்டோர். வரிசையே சிரிக்கும். 'சாக்கு சன்னாசி' என்ற பெயர் அங்கேதான் விழுந்தது. வலி என்று எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கேட்டுத் தோட்டத்து மருந்தகத்தில் இருக்கும் டிரசரிடம் போனால், அவர் கார்டில் 'சுளுக்கு' என்று எழுதித் தைலம் கொடுப்பார். உண்மையாக வலிக்கிறவன் ஓய்வெடுத்தால் குணமாக வேண்டாமா? இவனுக்கு ஓய்வெடுத்தால் அதிகமாகிறதாம், வேலை செய்தால் குறைகிறதாம். இதை யார் நம்புவார்கள்?

புஷ்பவள்ளி தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஆகவில்லை. சிரம்பானில் ஒரு மருத்துவமனையின் ரெக்கார்ட் ஆபீஸில் சேர்ந்தாள். லோரி ஓட்டும் மகேந்திரனைக் கட்டிக்கொண்டு ராசாவில் குடியேறினாள். குழந்தை இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த வேலைதான். வார்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொருவருடைய கோப்பும் அவள் மேசைக்கு வரும். டாக்டர் எழுதிய நோயின் பெயரைப் படித்து, தலையணை மாதிரி தடித்த புத்தகத்தில் தேடி, ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களுமாக மாற்றிக் கணினியில் ஏற்ற வேண்டும். வெறும் இடுப்பு வலி என்றால் ஒரு எண். இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் சேர்கிற மூட்டில் அழற்சி என்றால் வேறு எண். அந்த அழற்சி மெல்ல மேலேறி, முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து மனிதனைக் கல்லாக்கும் நோய் என்றால் இன்னொரு எண்.

அந்த ஆபீஸில் எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. டாக்டர் எழுதாததை நீ எழுதக்கூடாது. எக்ஸ்ரே அறிக்கை கத்திச் சொன்னாலும், டாக்டரின் கையெழுத்தில் அந்தப் பெயர் இல்லையென்றால் அது நோயே இல்லை. சந்தேகம் வந்தால் ஒரு மஞ்சள் தாளில் கேள்வியை எழுதி டாக்டருக்கு அனுப்பலாம். அவர் பதில் எழுதினால் எண்ணை மாற்றலாம். பதினெட்டு வருடங்களில் புஷ்பவள்ளி நூற்றுக்கணக்கான மஞ்சள் தாள்களை அனுப்பியிருக்கிறாள்.

ஒன்றே ஒன்றை மட்டும் அனுப்பவில்லை.

தே-ஓவையும் பிஸ்கட்டையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். சன்னாசி நடையை நிறுத்தினார். ஐம்பத்திரண்டு வயதுதான். கழுத்து முன்னால் தள்ளி, முகம் தரையைப் பார்த்திருந்தது. அவளைப் பார்க்க அவர் கண்களை மட்டும் மேலே உயர்த்த வேண்டியிருந்தது.

"குடிங்கண்ணே."

"அப்புறம் குடிக்கிறேன். முதல்ல வந்த சேதிய சொல்லிடுறேன், இல்லேன்னா மறந்து போகும். மோகனா இருக்காளே..."

மோகனா அவருடைய ஒரே மகள். இருபத்து மூன்று வயது. செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் நின்றுகொண்டே செய்கிற வேலை.

"அவளுக்கும் வந்துருச்சு புஷ்பா."

 புஷ்பவள்ளி தட்டை மேசையில் வைத்தாள்.

"எதுண்ணே?"

"என்னோடது. காலையில கட்டில விட்டு எறங்க முடியல. எனக்குத் தெரியக்கூடாதுன்னு நாலு மணிக்கே எந்திரிச்சு ஹால்ல நடக்குறா. நான் படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டு இருக்கேன். அந்த நடை எனக்குத் தெரியாதா? ஃபேக்டரி பஸ்ஸு ஆறு மணிக்கு. ரெண்டு தடவ பஸ்ஸ விட்டுட்டா. சூப்பர்வைசர் கேக்குறானாம், 'மார்னிங் மட்டும் சிக்காம்மா உனக்கு? லஞ்சுக்கு அப்புறம் டான்ஸ் ஆடுவியா?'ன்னு. கடைசி வார்னிங் லெட்டர் குடுத்துட்டாங்க."

"கிளினிக்குக்குப் போனாளா?"

"போனா. டாக்டர் நல்ல மனுஷன். வீட்டுல வேற யாருக்காச்சும் இந்த மாதிரி உண்டான்னு கேட்டிருக்காரு. இவ, 'எங்கப்பாவுக்கு இடுப்பு வளைஞ்சிருக்கு, குலை தூக்கித் தூக்கி வந்தது'ன்னு சொல்லிருக்கா. நாந்தானே அவளுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தேன்? எந்த டாக்டராச்சும் அதுக்கு ஒரு பேரு எழுதியிருந்தா பேப்பர கொண்டாங்க, நான் ஸ்பெஷலிஸ்ட்டுக்கு எழுதித் தர்றேன்னாராம். இல்லேன்னா நின்னு செய்யுற வேலையால வந்த வலிதான்னு முடிச்சிருவாங்க போல."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே நாலாய் மடித்த ஒரு தாள். மடிப்புகள் கிழிந்து, செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது. அதைப் பிரிக்கும் முன்பே புஷ்பவள்ளிக்கு அதில் இருப்பது தெரியும். 2016. இரண்டு நாள் வார்டில் இருந்தார். இடுப்பு வலி. வேலைக்குத் திரும்பலாம்.

"இத வச்சுத்தான் மானேஜர் எனக்குக் கணக்கு முடிச்சு வேலைய விட்டு நிறுத்தினாரு. 'ஆஸ்பத்திரியே உனக்கு ஒண்ணுமில்லேங்குது'ன்னு. வீட்டையும் காலி பண்ணச் சொன்னாங்க. கட்டுன பொண்டாட்டி, தாயம்மாகூட நம்பல. கோவம் வந்தா, 'பேப்பர்லயே சோம்பேறின்னு போட்டுக் குடுத்துட்டாங்க, அப்புறம் என்ன?'ம்பா. மூணு வருசத்துக்கு முன்னாடி கண்ண மூடுற வரைக்கும் அவ நம்பல."

"அண்ணே..."

"சரி, அது போகட்டும். என் கதை முடிஞ்சு போச்சு. நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கே? என் ஃபைலு அங்க இருக்கும்ல? இந்தப் பேப்பரத் தவிர வேற எங்கயாச்சும், யாராச்சும், ஒரு வார்த்தை எழுதியிருக்காங்களான்னு பாத்துச் சொல்லு. ஒரு வார்த்தை போதும்."

மழை வலுத்தது. கூரைத் தகரத்தில் விழுந்த தண்ணீர் ஒரே இரைச்சலாக இருந்தது. அந்த இரைச்சலில் பொய் சொல்வது எவ்வளவு சுலபம்!

"ஃபைல் இல்லண்ணே. ஏழு வருசத்துக்கு மேல யாரும் வராத ஃபைலயெல்லாம் போன வருசம் அழிச்சிட்டாங்க."

அது உண்மை. அழிக்க வேண்டிய கோப்புகளின் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி. பக்கம் பதினொன்றில் சன்னாசியின் பெயரைப் பார்த்தபோது அவள் பேனா ஒரு கணம் தயங்கியது. ஒரு கணம்தான்.

"ஓகேலா," என்றார் சன்னாசி. "நான் நெனச்சதுதான்."

"நீங்க மறுபடியும் ஒரு தடவ ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே. புதுசா எக்ஸ்ரே எடுத்தா எல்லாம் தெரியும். அந்தப் பேப்பர மோகனாவோட டாக்டர்கிட்ட குடுக்கலாம்."

சன்னாசியின் முகம் மாறியது. அந்த வளைந்த உடம்புக்குள் ஒரு பழைய ரோஷம் நிமிர்ந்தது.

"அந்த வாசல மிதிக்க மாட்டேன் புஷ்பா. செத்தாலும் மாட்டேன். படம் எடுத்தாங்க, ஊசி போட்டாங்க, கடைசியில பொய்க்காரன்னு எழுதி அனுப்பிட்டாங்க. படத்துலயே ஒண்ணும் தெரியலேன்னா, மறுபடி போயி என்ன? எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு. நெசமாவே நான் சோம்பேறிதானோ?"

தடியை எடுத்தார். போகப் போகிறார். இப்போது இவர் போய்விட்டால் மோகனா வளைவாள். இன்றைக்கு இல்லை, நாளைக்கு இல்லை. பத்து வருடத்தில் அவளும் இந்த மாதிரி கண்களை மட்டும் உயர்த்தி மனிதர்களைப் பார்ப்பாள். அந்தக் கண்களை எங்கே போய்ச் சந்திப்பது?

"நில்லுங்கண்ணே."

புஷ்பவள்ளி அறைக்குள் ஓடினாள். அலமாரியின் அடித்தட்டில், புதுப் பதிப்பு வந்ததும் ஆபீஸில் கழித்துவிட்ட பழைய எண் புத்தகம் இருந்தது. நினைவுக்கு என்று கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதன் நடுவில், எலும்பு நோய்கள் தொடங்கும் பக்கத்தில், அந்தத் தாள் இருந்தது. மஞ்சள் நிறம் வெளுத்து வைக்கோல் மாதிரி ஆகியிருந்தது.

ஹாலுக்கு வந்து அதை அவர் கையில் வைத்தாள்.

"என்னம்மா இது? எனக்கு இங்கிலீஷு தெரியாதே."

"உங்க பேருதாண்ணே. நான் எழுதினது." அவள் அவர் எதிரே நின்றாள். "நீங்க டிஸ்சார்ஜ் ஆகி நாலு நாள் கழிச்சுத்தான் எக்ஸ்ரே அறிக்கை வந்துச்சு. யாரோ பிரிச்சுக்கூடப் பாக்காம ஃபைலோட கடைசியில செருகி வச்சிருந்தாங்க. நான் பாத்தேன். ரெண்டு பக்க இடுப்பு மூட்டும் அரிச்சிருக்கு, அழற்சி நோயா இருக்கலாம், டாக்டர் கவனிக்கணும்னு போட்டிருந்துச்சு."

சன்னாசி தடியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"டாக்டர் அத பாக்கவே இல்ல. அவர் எழுதினது இடுப்பு வலி மட்டுந்தான். உறுதி பண்ணுங்கன்னு கேட்டு இந்தத் தாள எழுதினேன். ஆனா அதுக்கு முந்தின வாரந்தான் இன்னொரு ஃபைலப் பத்திக் கேட்டதுக்கு, அதே டாக்டர் வார்டுல, நர்சுங்க முன்னாடி, 'நீ டாக்டரா, நான் டாக்டரா? தோட்டத்துலேருந்து வந்து எனக்குச் சொல்லித் தர்றியா?'ன்னு கத்தினாரு. மாசக் கடைசி வேற. மேசையில முந்நூறு ஃபைலு. மறுபடியும் அந்த வார்டுக்குப் போக எனக்குக் கால் வரலண்ணே. தாள புத்தகத்துக்குள்ள வச்சேன். நாளைக்குக் குடுத்துக்கலாம்னு வச்சேன். கம்ப்யூட்டர்ல இடுப்பு வலின்னே ஏத்திட்டேன்."

"நாளைக்கு," என்றார் சன்னாசி.

அவ்வளவுதான் சொன்னார். தாளைத் தடவிப் பார்த்தார். படிக்கத் தெரியாத எழுத்துகளின் மேல் அவருடைய காய்ப்பேறிய விரல் ஊர்ந்தது, தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடுவது போல.

"அப்ப, நான் பொய் சொல்லலேன்னு இந்த உலகத்துல ஒரு ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவள் தலை குனிந்தாள்.

"தாயம்மா சாவுக்கு வந்தியே. மாலை போட்டே. பொம்பளைங்களோட நின்னு அழுதியே. அன்னிக்காச்சும் அவ காதுல சொல்லியிருக்கலாமே தங்கச்சி. பொணத்து காதுலயாச்சும்."

புஷ்பவள்ளி தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ மனிதர்களின் வலிக்கு எண் கொடுத்தவள். இப்போது தன் நெஞ்சில் கிடந்து அடித்துக்கொள்வதற்கு எந்தப் பக்கத்தில் எண் தேடுவது? அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்கும் தகுதிகூடத் தனக்கு இல்லை என்று தோன்றியதும் அதை விழுங்கிக்கொண்டாள். கேட்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது.

"என்னைத் திட்டுங்கண்ணே. மேல புகார் குடுங்க, எங்க வேணா வந்து சொல்றேன். இந்தத் தாள ஆபீஸ விட்டு வெளிய கொண்டாந்ததே குத்தம். வேலை போனா போகட்டும். ஆனா திங்கக்கிழமை மோகனாவோட அந்த கிளினிக்குக்கு நீங்களும் போங்க. இத டாக்டர்கிட்ட காட்டுங்க. இது ஒரு கேள்விதான். பதில் உங்க எலும்புலதான் இருக்கு. படம் எடுக்கச் சொல்லுவாரு. எடுங்க."

சன்னாசி தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"இன்னொண்ணு. ரெண்டு பேரும் நடக்காமப் போங்க."

"என்னது?"

"வார்டுல இருந்தீங்களே, அன்னிக்குக் காலையில என்ன செஞ்சீங்க? டாக்டர் வர்றதுக்கு முன்னாடி?"

அவர் யோசித்தார். "நடந்தேன். மூணு மணிலேருந்து. டாக்டர் வரும்போது நேரா நிக்கணும்ல? படுத்தே கெடந்தா மரியாதையா இருக்குமா?"

"டாக்டர் எப்படி இருக்கீங்கன்னு கேட்டப்ப?"

"ஓகேலா டாக்டர்னேன்." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். வெளியே மழையைப் பார்த்தார். "ஓகேலா டாக்டர்னுதான் சொன்னேன்."

"அவரு அதத்தான் எழுதினாரு. விறைப்பு இல்ல, நடை சரியா இருக்குன்னு. மோகனாவும் அதத்தான் செய்வா. நாலு மணிக்கு எந்திரிச்சு நடந்து, இடுப்ப சரி பண்ணிக்கிட்டு, பவுடர் போட்டுக்கிட்டு, டாக்டர் முன்னாடி சிரிச்சுக்கிட்டு உக்காருவா. வேணாம்ணே. கிளினிக் தொறக்கும்போதே முதல் ஆளாப் போங்க. கட்டில விட்டு எறங்குனபடியே போங்க. எத்தன மணி நேரம் விறைச்சுக் கெடக்குன்னு அவள சொல்லச் சொல்லுங்க. டாக்டர் கையால அத எழுத வையுங்க. எழுதினாத்தான் அது இருக்கு."

"கூனிக்கிட்டுப் போயி நிக்கச் சொல்றே."

"ஆமாண்ணே."

"ஊரே சிரிச்சிச்சேன்னு இருபத்தெட்டு வருசம் தூக்கத்த விட்டு நடந்தேன். அந்த நடைதான் என்னைக் கெடுத்துச்சுன்னு சொல்றே."

 நடை மட்டுமா கெடுத்தது? அவள் கையிலும் அல்லவா ஒரு பங்கு இருந்தது! அதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

சன்னாசி மஞ்சள் தாளை நாலாக மடித்தார். பழைய தாளுடன் சேர்த்து அதே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். ஒன்பது வருடம் பிரிந்திருந்த இரண்டு தாள்களும் ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டன. உறையைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"போறேன். திங்கக்கிழமை. அவளுக்காகப் போறேன்."

"நானும் வர்றேண்ணே. லீவு போட்டுட்டு..."

"வேணாம்."

"மழை விடட்டும். தே-ஓ ஆறிப்போச்சு, வேற போட்டுத் தர்றேன்."

"வேணாம் புஷ்பவள்ளி."

பிறந்ததிலிருந்து அவர் அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புஷ்பா என்பார், தங்கச்சி என்பார். கோபமாக இருந்தால் 'ஏய் கிராணி' என்பார். முழுப் பெயரில் அவள் யாரோ ஒரு ஆபீஸ்காரியாக மாறியிருந்தாள்.

அவளே குடையை எடுத்து நீட்டினாள். வாங்கவில்லை. வாசலில் செருப்பு மாட்ட அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. குனிய முடியாதவர், காலாலேயே செருப்பைத் தேடித் தேடி நுழைத்தார். உதவப் போனவளைக் கைத்தடி லேசாகத் தடுத்தது. அடுத்த வீட்டு மயிலம்மாள் கேட்டுக்குப் பின்னால் நின்று, "யாரு, உங்க தோட்டத்து ஆளா?" என்று கேட்டாள். புஷ்பவள்ளி தலையை மட்டும் ஆட்டினாள்.

டொக்... டொக்... டொக். மழையில் இறங்கினார். நீர் ஓடும் சிமெண்டுத் தரையில் தடி வழுக்காமல் ஊன்றிப் பார்த்து, ஊன்றிப் பார்த்து நடந்தார். கேட்டருகில் போனதும் நின்றார்.

திரும்புவார் என்று அவள் நினைத்தாள். கழுத்து இறுகிப்போன அந்த மனிதர் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால், கால்களை மாற்றி மாற்றி வைத்து, முழு உடம்பையும் திருப்ப வேண்டும். வேண்டியவர்களுக்காக அவர் அப்படித் திருப்பி அவள் பார்த்திருக்கிறாள்.

அவர் கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்கினார். வெளியே போய், வந்த வீட்டை மரியாதையாகச் சாத்திவிட்டுப் போகிற பழக்கத்தில், பின்பக்கமாகக் கையை நீட்டித் தடவி கேட்டை இழுத்துவிட்டார். பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். தடியின் சத்தத்தை மழை வாங்கிக்கொண்டது.

மேசையில் யாரும் தொடாத தே-ஓ ஆறிக் கிடந்தது. சாரல் உள்ளே அடித்தது. புஷ்பவள்ளி கதவைச் சாத்தினாள்.